கடல்கடந்து வந்தவர்களின் காகிதங்கள்: இந்தியாவில் வாழ்ந்த பிரித்தானியர் பற்றிய ஆவணங்கள்

இந்தியாவில் வாழ்ந்த பிரித்தானியரைப் பற்றிக் கிடைக்கும் ஆவணங்கள் அவர்களின் தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு மிகுதியானவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்தில், ஏறத்தாழ முப்பது கோடி மக்களிடையே வாழ்ந்த ஐரோப்பியர் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றே அதிகம். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதன்பின் வந்த இந்தியா அலுவலகமும் சேர்த்த காகிதங்கள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் சுமார் 14 கிலோமீட்டர் நீள அலமாரிகளை நிரப்பியிருக்கின்றன. சென்னை, கொல்கத்தா, மும்பை, தில்லிக் காப்பகங்களில் உள்ளவை இதில் சேராதவை. ஆறு மாதக் கடற்பயணத்துக்கு அப்பால் இருந்தவர்களை லண்டனிலிருந்து நிர்வகிக்க வேண்டியிருந்தது. அவர்களில் பலர் வந்த சில ஆண்டுகளிலேயே இறந்தார்கள். இறந்தவர் விட்டுச்சென்றதைச் சொந்த ஊரில் இருந்த உறவினரிடம் சேர்க்க வேண்டியிருந்தது. எழுதி, நகலெடுத்து, கப்பலேற்றாமல் இவற்றில் எதுவும் நடந்திருக்காது. ஆகவே, ஒரு காகிதம் எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டுக்கொண்டுதான் அதைப் படிக்கத் தொடங்க வேண்டும். எழுதியவருக்குத் தேவைப்படாத செய்திகள் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அதே வீட்டில் வாழ்ந்த இந்தியர்களின் பெயர்களும் அப்படி விடுபட்டவைதான்.

இந்த எழுத்துப் பழக்கம் வணிகத்தில் தொடங்கியது. சென்னைக் கோட்டையில் 1678 முதல் 1681 வரை ஆளுநராக இருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கணக்குகளையும் ஆலோசனைக் குறிப்புகளையும் ஒழுங்காகப் பதிந்து லண்டனுக்கு நகல் அனுப்பும் முறையை உறுதிப்படுத்தினார். ஆலோசனைப் புத்தகங்களில் துணி விலையும் கப்பல் வரவும் மட்டும் இல்லை. யார் யாரோடு சண்டையிட்டார், யார் குடித்துவிட்டுக் காவலைத் தவறவிட்டார், யாருக்கு ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது என்பனவும் தேதியோடு உண்டு. எழும்பூரில் 1909இல் எழுந்த மதராஸ் ஆவணக் காப்பகத்தில், இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், 1670 தொடங்கிய புத்தகங்கள் இருக்கின்றன. அதன் பொறுப்பில் இருந்த ஹென்றி டாட்வெல் அவற்றைப் பதிப்பித்ததோடு நில்லாமல், அவற்றைக் கொண்டே 18ஆம் நூற்றாண்டுச் சென்னை ஆங்கிலேயரின் வாழ்க்கையை ‘தி நபாப்ஸ் ஆஃப் மதராஸ்’ (1926) என்ற நூலாக எழுதினார். ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்டு மதராஸ்’ தொகுதிகளும் இதே காகிதங்களிலிருந்து பிறந்தவை. நகல் முறையின் அருமை பின்னர் தெரிந்தது. 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்தபின் லண்டனில் பழைய காகிதங்கள் பெருமளவில் கழிவுத்தாளாக விற்கப்பட்டன. ஒரு கரையில் அழிந்தது மறு கரையில் கிடைக்கும் வாய்ப்பை இரட்டைப் பிரதிகளே காப்பாற்றிக் கொடுத்தன.

ஒருவர் இந்தியாவுக்குப் புறப்படும் முன்பே அவரைப் பற்றிய காகிதம் தொடங்கிவிடும். கம்பெனியின் ‘ரைட்டர்’ (எழுத்தர்) வேலைக்கு இளைஞர்கள் கொடுத்த மனுக்கள் 1749 முதல் 1856 வரை தொடர்ச்சியாக உள்ளன. மனுவோடு ஞானஸ்நானச் சான்றும், கணக்கெழுதப் பயின்றதற்கு ஆசிரியர் கொடுத்த சான்றும் இணைந்திருக்கும். பரிந்துரைத்த இயக்குநரின் பெயரும் கிடைப்பதால், எந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்திய வேலையைத் தமக்குள் வைத்துக்கொண்டன என்பது தெளிவாகத் தெரிகிறது. சிப்பாய்களுக்கு மனு இல்லை, பதிவேடுதான். பெயர், வயது, பிறந்த ஊர், செய்த தொழில், வந்த கப்பல் என்று நெசவாளர்களும் கூலியாட்களும் அயர்லாந்து உழவர்களும் ஒவ்வொரு வரியாக அடங்கியிருக்கிறார்கள். பலருக்கு வாழ்நாள் முழுவதிலும் எழுதப்பட்டது அந்த ஒரு வரிதான்.

மாதாகோயில் பதிவேடுகளைப் போலப் பரந்த ஆவணம் வேறில்லை. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியன்னை ஆலயம் 1680 அக்டோபரில் அர்ச்சிக்கப்பட்டது. அடுத்த மாதமே, நவம்பர் 4ஆம் தேதி, அங்கே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுக்கும் கணவரை இழந்த கேதரின் ஹின்மர்ஸுக்கும் உரியது. ராபர்ட் கிளைவ் 1753இல் மார்கரெட் மாஸ்கலினை மணந்ததும் இதே ஆலயத்தில்தான். பெரிய பெயர்களுக்காக மட்டுமே இந்த ஏடுகளைப் புரட்டுவது அவற்றை வீணாக்குவதாகும். ஒரு குழந்தையின் ஞானஸ்நானமும், சில மாதங்கள் கழித்து அதன் அடக்கமும், அடுத்த ஆண்டு தாயின் அடக்கமும், அதன்பின் தந்தையின் மறுமணமும் சில பக்க இடைவெளியில் வருகின்றன. இரண்டு மழைக்காலங்களுக்கு மேல் வெள்ளையர் தாங்கமாட்டார் என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது வெறும் மிகையல்ல என்பதை அடக்கப் பதிவுகளின் நெருக்கமே காட்டிவிடுகிறது.

இப்பதிவுகளின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. மதராஸ் வரிசை 1698இலும், பம்பாய் வரிசை 1709இலும், வங்காள வரிசை 1713இலும் தொடங்குகின்றன. பாதிரியார் இல்லாத முகாம்களில் நடந்த அடக்கங்கள் பல இவற்றில் ஏறவில்லை. அயர்லாந்துச் சிப்பாய்களில் மிகப் பலர் கத்தோலிக்கராக இருந்தும், கத்தோலிக்கப் பதிவுகள் இந்த வரிசைக்குள் காலம் கடந்தே சேர்ந்தன. இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. கல்கத்தாவின் தொடக்கத்தோடு பெயர் இணைந்த ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கும் 1689 ஆகஸ்டில் மரியன்னை ஆலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேதரின் என்று மூவரின் பெயரும் உண்டு, தந்தையின் பெயரும் உண்டு. அவர்களைப் பெற்ற இந்தியப் பெண்ணின் பெயர் வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் இப்படிப்பட்ட பதிவுகள் ஏராளம். துர்பா கோஷ் தமது ‘செக்ஸ் அண்ட் தி ஃபேமிலி இன் காலனியல் இந்தியா’ (2006) நூலில் இந்தப் பெயரின்மையையே ஆய்வுப் பொருளாக்கினார். பெயரை எழுதாமல் விட்டது எழுத்தரின் சோம்பல் அல்ல, அந்த உறவுக்குச் சட்டத்தில் இடம் கொடுக்க மறுத்ததன் அடையாளம் என்பது அவர் காட்டிய உண்மை.

பதிவேடு மறைத்ததை உயில் சில வேளைகளில் சொல்லிவிடும். சொத்தை ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் அவரை ஏதாவது ஒரு விதத்தில் குறிப்பிட்டே ஆகவேண்டும். 1780களில் எழுதப்பட்ட உயில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்தியத் துணைவிக்கோ அவளுடைய பிள்ளைகளுக்கோ எதையாவது விட்டுச்செல்கிறது என்றும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த வழக்கம் அநேகமாக மறைந்துவிட்டது என்றும் வில்லியம் டால்ரிம்பிள் ‘ஒயிட் முகல்ஸ்’ (2002) நூலில் காட்டினார். ஐதராபாத்தில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பாட்ரிக், அவர் மணந்த கைருன்னிசா ஆகியோரின் கதையை டால்ரிம்பிள் மீட்டதும் குடும்பக் காகிதங்களிலிருந்துதான். 1805இல் அவர்களின் இரு குழந்தைகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன், சென்னையில் ஜார்ஜ் சின்னரி அவர்களை ஓவியமாக வரைந்தார். அதே ஆண்டில் கிர்க்பாட்ரிக் இறந்தார், குழந்தைகள் தாயிடம் திரும்பவே இல்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மகள் கிட்டிக்கும் ஐதராபாத்தில் இருந்த பாட்டிக்கும் இடையே ஓடிய கடிதங்கள் இந்தக் காகிதக் கடலில் மிக அரிய வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இந்தியப் பக்கத்துக் குரலும் கேட்கிறது.

உயிலோடு சேர்த்துப் படிக்க வேண்டியது சொத்துப் பட்டியல். ஒருவர் இறந்ததும் அவருடைய உடைமைகள் பொருள் பொருளாக எழுதப்பட்டு ஏலம் விடப்பட்டன. சட்டை எத்தனை, மது எத்தனை புட்டி, புத்தகங்களின் பெயர், பல்லக்கு, ஹுக்கா, பிடில், வாங்கியவரின் பெயர், கொடுத்த விலை என எல்லாமும் உண்டு. சென்னைப் பட்டியல்களில் வாங்கியவர்களிடையே துபாஷிகளும் (இருமொழித் தரகர்கள்) வருகிறார்கள். படைவீரர் இறந்தால் அவருடைய உடையும் போர்வையும் அதே முகாமின் தோழர்களுக்கே விற்கப்பட்டன. ஒருவர் வாழ்ந்த அறையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஆவணம் வேறு இல்லை. ஊருக்கு எழுதிய கடிதத்தில் எளிய வாழ்வு வாழ்வதாகச் சொன்னவரின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர் யார் என்பது புரியும்.

கடிதங்களே வாசகரை எளிதில் ஈர்ப்பவை, ஏமாற்றக்கூடியவையும் அவையே. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த காலத்தில் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஓர் ஆண்டு ஆகும். கடிதங்கள் முன்பின்னாகச் சேரும் என்பதால் எண் இட்டு அனுப்பினார்கள். தபால் செலவுக்கு அஞ்சி எழுதிய தாளையே திருப்பிப் பிடித்து எழுத்தின் மேல் குறுக்காக எழுதினார்கள், இன்று அவற்றைப் படிக்கவே பயிற்சி வேண்டும். கடிதம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தாய் படித்து, அத்தைக்கு அனுப்பி, அத்தை நகலெடுத்து வைத்துக்கொள்வாள். இதை அறிந்தே எழுதியவர்கள் கடனையும் நோயையும் அடக்கி வாசித்தார்கள். சூயஸ் வழித் தபாலும் 1870களின் தந்தியும் வந்தபின் கடிதங்கள் அடிக்கடி வந்தன, நீளம் குறைந்தது. பிள்ளைகளை ஐந்து, ஆறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பும் வழக்கத்தால் வேறொரு வகைக் கடிதம் உருவானது. பெற்றோரின் முகம் மறந்துபோன பிள்ளைகள் விடுதிப் பள்ளியிலிருந்து வாரந்தோறும் கடமையாக எழுதியவை அவை. எலிசபெத் பியூட்னரின் ‘எம்பயர் ஃபேமிலிஸ்’ (2004) இந்தப் பிரிவை ஆழமாக ஆராய்கிறது.

பெண்கள் எழுதியவை ஆட்சியாளர்களின் கோப்புகளில் இல்லாத வீட்டுக்குள் வாசகரை அழைத்துச் செல்கின்றன. எலைசா ஃபே 1779இல் இந்தியாவுக்கு வந்தபோது கள்ளிக்கோட்டையில் ஹைதர் அலியின் ஆட்களிடம் சிறைப்பட்டார். வணிகத்தில் மீண்டும் மீண்டும் நொடித்து, 1816இல் கல்கத்தாவில் இறந்தார். மறு ஆண்டு அவருடைய கடிதங்கள் அச்சேறியதே கடனைத் தீர்க்கத்தான். ஜூலியா மெயிட்லண்ட் 1836 முதல் 1839 வரை சென்னையிலும் ராஜமுந்திரியிலும் வாழ்ந்து தாய்க்கு எழுதியவை 1843இல் ‘லெட்டர்ஸ் ஃப்ரம் மதராஸ்’ என்று எழுதியவர் பெயரின்றி வெளிவந்தன. உடனிருந்த ஆங்கிலேயரின் போலிப் பெருமையை அவ்வளவு கூர்மையாகக் கண்டு எழுதியவர்கள் குறைவு. ஆயினும் அச்சான கடிதம் வேறு, கைப்பிரதி வேறு. அச்சுக்குப் போகும்போது பெயர்களும் சண்டைகளும் வெட்டப்பட்டன. எனவே கைப்பிரதி கிடைத்தால் அதையே நம்ப வேண்டும்.

அந்த வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் ஆயாக்கள். கடிதங்களில் அவர்கள் நாள்தோறும் வருகிறார்கள், பெரும்பாலும் ‘ஆயா’ என்ற பொதுப் பெயரிலேயே. கப்பல் பயணிகள் பட்டியலிலும் இன்னாரின் ஆயா என்றுதான் இருக்கும். குடும்பத்தோடு லண்டன் போய், திரும்ப வழியின்றிக் கைவிடப்பட்ட ஆயாக்களுக்கென அந்நகரத்தின் ஹாக்னி பகுதியில் ஒரு விடுதி இயங்கியது. அந்தக் கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அது நெடுங்காலம் தாமதித்துக் கிடைத்த மரியாதை.

வெள்ளையரிலும் ஏழைகள் இருந்தார்கள். இந்த உண்மையை ஆட்சி மறைக்க விரும்பியது, ஆனால் அவர்களைக் கட்டுப்படுத்தியதால் அதுவே காகிதமும் ஆனது. வேலையின்றி ஊர் ஊராகத் திரிந்த ஐரோப்பியரைப் பணிவிடுதிகளில் அடைக்கவும் நாடு கடத்தவும் 1869இலும் 1874இலும் சட்டங்கள் வந்தன. மனம் பேதலித்தவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களை வைத்திருந்த பெம்புரோக் இல்லமும், 1870 முதல் 1892 வரை ஈலிங்கில் இயங்கிய மனநோய் விடுதியும் விட்டுச்சென்ற ஏடுகள் இந்தியா அலுவலக ஆவணங்களில் உள்ளன. சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக 1858இல் உதகையில் தொடங்கிய லாரன்ஸ் விடுதியும், சென்னையில் அதற்கு முன்பே இருந்த படைவீரர் அனாதை விடுதிகளும் இந்த வரிசையில் வருபவை. மாளிகைக் கதைகளை மட்டும் படித்தவருக்கு இந்த ஏடுகள் வேறொரு வெள்ளைச் சமூகத்தைக் காட்டுகின்றன.

தோட்டத்துரைமார் அரசு ஊழியர் அல்லர் என்பதால் அவர்களின் காகிதங்கள் நிறுவனங்களோடு சிதறிப்போயின. இலங்கைத் தோட்டங்களுக்கு ஃபெர்குசன் குடும்பத்தினர் வெளியிட்ட ஆண்டுக் கையேடு பெரிய துணை. தோட்டம், பரப்பு, உரிமையாளர், துரையின் பெயர் அனைத்தும் அதில் கிடைக்கும். அந்தத் தோட்டங்களை வெட்டித் திருத்திய தமிழ்த் தொழிலாளரின் பெயருக்கு அதில் இடமில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிதாக வந்த சின்னத்துரைமாருக்காக ‘இங்கே வா’ என்ற தலைப்பிலேயே ஒரு கையடக்கத் தமிழ் வழிகாட்டி அச்சானது. உத்தரவிடுவதற்குத் தேவையான தமிழே அதன் உள்ளடக்கம். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நிலவிய உறவை விளக்க அதைவிட நேரான சான்று தேவையில்லை.

கல்லறைகளும் ஆவணமே. சென்னைக் கல்வெட்டுகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் பட்டியலிட்டார். கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த வளாகத்தில் இருந்த பழைய இடுகாட்டின் கல்லறைகள் 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படைக்கு மறைவிடமாக உதவின. அதனால் முற்றுகைக்குப் பின் அவை இடிக்கப்பட்டன, பலகைக் கற்கள் மரியன்னை ஆலயத்துக்குப் போயின. யேலின் மகன் டேவிடும், கேதரினின் முதல் கணவர் ஜோசஃப் ஹின்மர்ஸும் அடங்கிய கல்லறை மட்டும் பழைய இடத்தில் நின்றது. ஆலய முற்றத்துக் கற்களின் கீழ் எவரும் புதைக்கப்படவில்லை என்பதை அங்கே போகும் ஆய்வாளர் மறக்கக் கூடாது.

மற்ற ஐரோப்பியரின் ஆவணங்கள் தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை. டச்சுக் கம்பெனியின் ஊதியப் பேரேடுகள் ஒவ்வொரு மாலுமியின் ஊரையும் கடனையும் முடிவையும் சொல்கின்றன. ஹேக், ஜகார்த்தா, கேப்டவுன், கொழும்பு, சென்னை ஆகிய இடங்களில் உள்ள அக்கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பிரெஞ்சு அரசு 1776 ஆணையால் குடியேற்றங்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் ஒரு நகல் வெர்சாய்க்கு வரவேண்டும் என்று வகுத்தது. அந்த நகல்கள் இன்று புதுச்சேரிக் குடும்பங்களுக்கும் உதவுகின்றன. தரங்கம்பாடிச் சமயப் பணியாளர்களின் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ளன. இவை எல்லாவற்றிலும் வியப்பானவை, போரில் பிடிபட்ட கப்பல்களில் இருந்து பிரிட்டிஷ் கடற்படை எடுத்து வழக்குச் சான்றாக வைத்துக்கொண்ட தபால் பைகள். உரியவரிடம் சேராத சுமார் 1,60,000 கடிதங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1748இல் பிடிபட்ட ‘சாந்தா கத்தரீனா’ கப்பலில் இருந்த ஆர்மீனிய வணிகர்களின் கடிதங்களும் அவற்றில் அடங்கும். குடும்பத்தார் பொறுக்கியெடுத்துத் திருத்திய காகிதங்களுக்கு நடுவே எவர் கையும் படாத கடிதங்கள் இவை. மாலுமியின் மனைவி எழுதியதும் வணிகர் எழுதியதும் ஒரே பையில் கிடக்கின்றன.

1947க்குப் பிறகு ஊர் திரும்பியவர்களின் பரண்களில் கிடந்தவற்றைச் சேர்க்கும் வேலை தொடங்கியது. கேம்பிரிட்ஜின் தெற்காசிய ஆய்வு மையம் 1960களின் நடுவிலிருந்து மேரி தாட்சரின் உழைப்பால் கடிதங்கள், நாட்குறிப்புகள், வீட்டுக் கணக்குகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கியது. இந்தியாவில் வாழ்ந்த பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில்களையும் பெற்றது. வீட்டுத் திரைப்படச் சுருள்கள் மட்டும் அங்கே சுமார் 300 உள்ளன. அவற்றின் ஓரங்களில் நடந்துபோகும் பட்லர்களும் தோட்டக்காரர்களும் எழுத்தில் கிடைக்காத உருவங்கள். இந்தியா அலுவலக நூலகம் 1970களில் முன்னாள் மாவட்ட அதிகாரிகளிடம் நினைவுக் குறிப்புகள் எழுதி வாங்கியது. 1974இல் பி.பி.சி. வானொலி ஒலிபரப்பிய சார்ல்ஸ் ஆலனின் நேர்காணல்கள் பெரும்புகழ் பெற்றன. முப்பது ஆண்டு கழித்துச் சொல்லப்பட்ட நினைவு என்பதால் இவற்றில் ஏக்கம் மிகுதி, பஞ்சமும் சிறையும் குறைவு. அதே மனிதர் 1942இல் எழுதிய கோப்பு இருந்தால் அதனோடு ஒப்பிட்டே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

பழைய பதிவேடுகள் உயிருள்ளவர்களின் வழக்குகளிலும் நுழைந்தன. விடுதலைக்குப் பின் பிரித்தானியக் குடியுரிமை கோரிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் தந்தைவழியில் பிரித்தானிய மூதாதையர் இருந்ததை மெய்ப்பிக்க லண்டன் நகல்களில் பெயர் தேடின. சிப்பாய்த் தாத்தாவின் ஒரு வரிப் பதிவே கடவுச்சீட்டுக்குச் சான்றானது. பாட்டியின் பெயர் எழுதப்படாதது அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை, சட்டம் அவளைக் கேட்கவில்லை. பிரித்தானிய இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றுக்காக 1998இல் தொடங்கிய ஃபிபிஸ் சங்கத்தின் தொண்டர்கள் பட்டியல்களை இலவசமாகத் தேடக் கொடுக்கிறார்கள். 2014 முதல் பிரிட்டிஷ் நூலகப் பதிவேடுகளின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. இந்த மண்ணில் எழுதப்பட்ட பதிவைப் பார்க்க இங்குள்ள மாணவர் அயல்நாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருப்பது நியாயமல்ல. மூல ஏடுகள் நம் ஊர் ஆலயங்களில் ஈரத்துக்கும் கரையானுக்கும் நடுவே இருக்க, படமெடுக்கப்பட்டவை லண்டனுக்குப் போன நகல்கள்தாம். நகலெடுத்தவர் விட்ட பிழைகளைத் திருத்த மூலத்தைத் தவிர வேறு வழியில்லை.

வந்தவர்களைப் பற்றி உடனிருந்தவர்கள் எழுதியது மிகக் குறைவு. அந்த வகையில் தமிழுக்கு ஒரு பெருமை உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு ஆளுநரின் கோபம், அவர் மனைவியின் தலையீடு, அதிகாரிகளின் கடன், விருந்துகள், மரணங்கள் எல்லாவற்றையும் ஒரு தமிழரின் கண்ணால் பதிகிறது. 1846இல் கலுவா-மொம்பிரேன் அதைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904க்கும் 1928க்கும் இடையில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது, பிற்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்தவர் டாட்வெல்லே. பிரெஞ்சு ஆட்சியில் காவல் பொறுப்பில் இருந்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் தமிழில் அச்சாகியிருக்கிறது. ஆளுநர் மாளிகையைப் பிள்ளை காட்டுகிறார் என்றால், வீராநாயக்கர் கடைத்தெருவையும் வழக்குகளையும் காட்டுகிறார். பிரெஞ்சுப் பதிவேடுகளோடு தேதிவாரியாக இவ்விரு நாட்குறிப்புகளையும் இணைத்துப் படிப்பவருக்கு, பதிவேட்டில் வெறும் பெயராக நிற்கும் ஐரோப்பியர் யாரிடம் கடன் வாங்கினார், யாரை நம்பி வாழ்ந்தார் என்பது தெரியவரும்.